எட்டாம் வகுப்புக் கொள்ளை

போன வருடம் கடைசி இடம். இந்த வருடம் முதலிடம். திண்டிவனத்தை அடுத்த அந்தக் கிராமப் பள்ளியின் எட்டாம் வகுப்பு மதிப்பெண்களைப் பார்த்ததுமே கலைமதிக்கு மூக்கு வேர்த்துவிட்டது.

விழுப்புரத்தில் ஒரு பல்கலைக்கழகக் கல்வி ஆய்வு மையத்தில் அவள் ஆய்வாளர். பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று அளக்க மையம் நடத்தும் தேர்வு அது. வினாத்தாளைத் தயாரித்தவளும் அவளே. தாள் வெளியே போயிருந்தால் முதலில் உருளப்போவது அவள் தலைதான்.

அடுத்த தேர்வுக்கு முதல் நாள், யாரிடமும் சொல்லாமல் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய் இறங்கினாள்.

தலைமையாசிரியர் அறை பூட்டியிருந்தது. ஆனால் ஜன்னல் வழியே ரெட்டைச் சடைக்காரி ஒருத்தி வெளியே குதித்தாள். கையில் பழுப்புக் கவர். மேலே சிவப்பு மையில் ‘பரம ரகசியம்’.

கலைமதி பின்தொடர்ந்தாள். நிலக்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லை ஓரம், புளியமரத்தடியில் மொத்த வகுப்பும் கூடியிருந்தது. சடைக்காரி கிசுகிசுப்பாகப் படிக்க, மற்றவர்கள் பேய் பிடித்தது போல எழுதித் தள்ளினார்கள். காவலுக்கு ஒருவன் மரத்தின் மேல்.

“ஜல்தி எழுதுங்க! சாரு வந்துடப் போறாரு!”

கலைமதி பாய்ந்து கவரைப் பிடுங்கினாள்.

“மிஸ், மிஸ்!” என்று சடைக்காரி பானுப்ரியா கெஞ்சினாள். “ஒளிச்சேர்க்கையில ரெண்டு கேள்விதான் பாக்கி. முடிச்சிக்கினு வந்துடறோம். அப்புறம் போலீஸ்ல புடிச்சிக் குடுங்க.”

சாப்பிட்டுவிட்டுத் திரும்பிய தலைமையாசிரியர் தேவசகாயத்தின் மேஜையில் கவர் வந்து விழுந்தது.

“உங்க பீரோவிலேர்ந்து எடுத்திருக்காங்க. எட்டு மாசமா வாராவாரம் நடக்குதாம். உங்களுக்குத் தெரியுமா சார்?”

“தெரியும் மேடம்.” அவர் எழுந்து அவசரமாகக் கதவைச் சாத்தினார். நெற்றியெல்லாம் வியர்வை. “மெதுவாப் பேசுங்க. வெளிய தெரிஞ்சா பேஜாராப் பூடும்.”

“பேஜாரா? உங்க வேலையே போயிடும்!”

கலைமதி தன் பையிலிருந்து உண்மையான வினாத்தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாள். முதல் கேள்வி ஒத்துப்போகவில்லை. இரண்டாவதும் இல்லை. இருபதும் பார்த்துவிட்டாள், ஒன்றுகூட இல்லை.

“இது எங்க தாளே இல்லையே! அப்ப இதுல என்னதான் சார் இருக்குது?”

தேவசகாயம் ஜன்னலுக்கு வெளியே ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு குரலை இன்னும் தாழ்த்தினார்.

“பாடப் புத்தகம்தான் மேடம், வாரம் ஒரு பாடத்தைக் கேள்வி பதிலா நானே எழுதிப் பூட்டி வைக்கிறேன், பாடம்னு மட்டும் பசங்க கிட்ட சொல்லிடாதீங்க, திருடறதையே நிறுத்திடுவாங்க!”