ஆறாவது ஆள்

துறைமுகத்தில் வேலை பார்த்த கணவர் பக்கவாதம் வந்து ஒரு வருடமாகப் படுத்திருக்க, அவர் கட்டிலுக்கு எதிரே தையல்காரி ஓர் எண்ணெய் ஓவியத்தை மாட்டினாள். கடற்கரையில் ஐந்து பேர் பின்னால் சாய்ந்து நின்று வலை இழுக்கிறார்கள். வலை இன்னும் தண்ணீருக்குள்தான் இருக்கிறது.

"மாமாவுக்குக் கடல்னா உயிராச்சே. பாத்துட்டாவது கிடக்கட்டும்கா" என்று அவள் தம்பி வாங்கி வந்த படம்.

படம் மாட்டிய நாலாம் நாள் காலையில் உடம்பு துடைத்துவிடும்போது பார்த்தாள். ஒரு வருடமாக அசையாத கைகள் இரண்டும் கன்றிப்போயிருந்தன. நகக்கண்ணில் மணல் இருந்தது. மருந்து தடவிவிட்டு நிமிர்ந்தால், படத்தில் ஆறு பேர்.

தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"முதல்லேருந்தே ஆறுதானேக்கா? நீ கொஞ்சம் நல்லாத் தூங்கு."

அதன்பிறகு அவருக்கு நன்றாகப் பசித்தது. அடித்துப் போட்டாற்போல் தூங்கினார். வெளுத்துக் கிடந்த முகத்தில் வெயில் பட்ட நிறம் ஏறியது.

ஒரு மதியம் சாப்பாடு ஊட்டிக்கொண்டே, "வேலையெல்லாம் எப்படிப் போகுது?" என்று விளையாட்டாகக் கேட்டாள்.

இத்தனை நாளும் ஒரு வார்த்தை பேசாதவர் தெளிவாகச் சொன்னார்: "வலை ரொம்பக் கனமா இருக்கு. இன்னும் ஒரு ஆள் இருந்தா கரையேத்திடலாம்."

அவள் தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். வாசல் கதவைத் தாழிட்டாள். வலைக் கயிற்றில் மாட்டிக்கொள்ளுமே என்று மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, படத்தைப் பார்த்தபடி அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.