இரண்டாவது தம்ளர்

துனிஸ் நகர மனநல வார்டில் முன்சிஃப் என்ற கிழவர் தினமும் பைன் கொட்டை போட்ட தேநீர் இரண்டு தம்ளர் கேட்பார். ஒன்று, செத்துப்போன மனைவி ஸொஹ்ராவுக்கு. "பல்லில்லாதவ, பைன் கொட்டைய மட்டும் விட்டுடுவா." இரண்டையும் அவரே குடிப்பார்.

ஏழு மாத மாத்திரையில் ஸொஹ்ரா அவர் கண்ணிலிருந்து மறைந்தாள். அவர் வீடு திரும்பினார்.

அன்று மாலை நர்ஸ் லத்தீஃபா பழக்கத்தில் அந்தக் காலிக் கட்டிலருகே ஒரு தம்ளர் வைத்துவிட்டாள். திரும்பி வந்தபோது தம்ளரின் அடியில் பைன் கொட்டைகள் மட்டும் கிடந்தன.

அவள் கட்டிலோரம் உட்கார்ந்தாள். "அவரு வீட்டுக்குப் போயிட்டாரும்மா. நீங்களும் கெளம்புங்க. தனியா விட்டா சாப்பிடாது அந்தக் கிழம்."

மறுநாள் வைத்த தேநீர் அப்படியே ஆறிக்கிடந்தது. முன்சிஃபின் தங்கை போன் செய்தாள்.

"மாத்திர ஒழுங்காத்தான் போடுறாரு, சிஸ்டர். ஆனா மறுபடி ரெண்டு தம்ளர் கேக்குறாரு."