சாங்பில்லிடம் அனுமதி பெறவும்

“இந்த ஃபைலைத் திறக்க சாங்பில்லிடம் அனுமதி பெறவும்” என்றது கம்ப்யூட்டர்.

சாங்பில்லுக்கு வந்ததே கோபம்.

“நான்தான்டா சாங்பில்” என்றார் திரையைப் பார்த்து.

அது அசரவில்லை. மறுபடி அமுக்கினார். மறுபடி அதே வரி. ஓர் எழுத்துகூட மாறவில்லை.

ஆபீஸிலிருந்து வந்தவர் இன்னும் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. மத்தியானம் கூட்டத்தில் பிரிவுத் தலைவர் இவருடைய அறிக்கையைச் சுருட்டி இவர் நெஞ்சிலேயே விட்டெறிந்திருந்தார். புதிதாகச் சேர்ந்த பொடிசுகளெல்லாம் பார்க்காத மாதிரி பார்த்தன.

போதும் என்று தீர்மானித்துவிட்டார். நாளைக் காலையில் அந்த ஆள் மேஜையில் ராஜினாமா இருக்க வேண்டும். எழுதுகிற வேலைகூட இல்லை. போன இலையுதிர் காலத்தில் இதே ஆள் இதே மாதிரி ஆடியபோது, வரிவரியாகச் செதுக்கி வைத்தது இருக்கிறது. மரியாதைக்குக் குறைவில்லை, ஆனால் ஒவ்வொரு வரியும் ஊசி. பிரிண்ட் போட்டால் முடிந்தது.

அதைத்தான் இந்தச் சனியன் தரமாட்டேன் என்கிறது.

அவர் மனைவி கும்ஹி, வெந்நீர்த் தொட்டியில் காலை விட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தாள். பெரிய கடையொன்றில் அழகுச் சாமான் விற்கிற கவுண்டரில் நாள் முழுக்க நிற்கிற கால்.

“நாரே அப்பா, குழம்பு ஆறுது” என்றாள்.

“ஆறட்டும். என் பொருளை எடுக்க நான் என்கிட்டயே அனுமதி வாங்கணுமாம்.”

“வாங்கிட்டாப் போச்சு.”

வாங்கத்தான் பார்த்தார். அவர் பெயரில் தனிக் கணக்கு ஒன்று இருந்தது. ஆனால் வீட்டில் எல்லோரும் பொதுக் கணக்கிலேயே புழங்கிப் பழகியதில் அதன் பாஸ்வேர்டு மறந்தேபோயிருந்தது. மகள் நாரேயின் பிறந்த நாளைப் போட்டுப் பார்த்தார். பழைய கார் நம்பரைப் போட்டார். கல்யாண நாளையும் போட்டார். அதை மட்டும் மனைவியிடம் கேட்டுப் போட்டார். எதற்கும் மசியவில்லை. அணைத்து, ஏற்றி, மறுபடி அணைத்து, மேஜையை ஒரு குத்தும் குத்தியாயிற்று.

“வீட்டுக் கடன், நாரே காலேஜ்னு ஆரம்பிச்சிடாத” என்றார்.

கும்ஹி வாயையே திறந்திருக்கவில்லை.

“உனக்குப் புரியாது. உன் வேலையில வர்றவ போறவ ஆயிரம் சொல்லுவா. சிரிச்சு, குனிஞ்சு, மன்னிச்சுக்கங்கன்னா தீர்ந்துச்சு. ஆம்பளை நாலு பேர் முன்னாடி அவமானப்பட்டா, அதுக்கப்புறம் ஒரு நாள்கூட அங்க இருக்க முடியாது.”

கும்ஹி ஒரு காலை எடுத்துத் துடைத்துக்கொண்டாள்.

கடைசியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடைக்காரனுக்குப் போன் போட்டார். இரண்டு கையும் வேண்டியிருந்ததால் ஸ்பீக்கரில் வைத்தார். அவன் எதையோ மென்றுகொண்டே, இங்கே அமுக்குங்கள், அங்கே அமுக்குங்கள், என்ன தெரிகிறது படியுங்கள் என்று ஆட்டி வைத்தான். இவரும் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி படித்துக் காட்டினார்.

“ஐயா, இது கோளாறே இல்ல” என்றான் அவன். “வீட்டுக் கடன்னு பேர் வெச்சிருக்கீங்களே, அந்த ஃபோல்டரையே பூட்டியிருக்கு. அதுக்குள்ள என்ன போட்டாலும் சேர்ந்து பூட்டிக்கும்.”

“எவன் பூட்டினான்?”

“நீங்கதான். உங்க கணக்குல இருந்து. வீட்ல வேற யாரும் தொறக்கக் கூடாதுன்னு.” சிரித்தான். “யாருக்குத் தெரியக் கூடாதுன்னு பூட்டினீங்க?”

சாங்பில் வாய்க்கு வந்த பதிலைச் சொல்லப்போனவர், நின்றார்.

அவருடைய ராஜினாமாவுக்கு நேர் மேலே இன்னொரு ஃபைல் இருந்தது. இவ்வளவு நேரம் கோபத்தில் கண்ணில் படவில்லை. ‘ராஜினாமா - கும்ஹி.’

போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலம். வாங்க வந்த ஒருத்தி கிரீம் டப்பாவைக் கும்ஹியின் முகத்தில் விட்டெறிந்தாள். மேலாளர் வந்து, கடை நடுவில் கும்ஹியைத்தான் மண்டி போட்டு மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கன்னம் வீங்கி வந்தவள், அழாமல், இதே நாற்காலியில் உட்கார்ந்து அடித்த ராஜினாமா அது. காலையில் பிரிண்ட் போட்டு எடுத்துப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் படுத்தாள்.

காலையில் அது திறக்கவில்லை. மெஷின் கோளாறு, சரிபண்ணுகிற வரைக்கும் பொறுத்துப் போ என்று சாங்பில் சொன்னார். கும்ஹி ஷூவை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். அப்புறம் அந்தப் பேச்சே எழவில்லை. எழாததால், பூட்டியதையே அவரும் மறந்துபோனார்.

“ஐயா, இருக்கீங்களா? திங்கக்கிழமை கொண்டு வந்தீங்கன்னா தொறந்து தந்துடறேன்.”

போனை அணைத்தார். ஸ்பீக்கரில் போட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம். கும்ஹி குழம்பைச் சூடு பண்ணி, கிண்ணத்தோடு கீபோர்டு பக்கத்தில் வைத்தாள்.

“சாப்பிட்டுட்டுப் புதுசா ஒண்ணு அடிங்க. நான் குறுக்க வரமாட்டேன்.”

“கும்ஹி...” என்றார். “மெஷின் கோளாறுன்னு நீ நம்பிட்டேன்னு நெனச்சேன்.”

கும்ஹி திரையைப் பார்த்தாள். அந்த வரி இன்னும் அங்கேயே நின்றது.

“அன்னைக்குக் காலையில எனக்கும் இதேதான் வந்துச்சு. சாங்பில்லிடம் அனுமதி பெறவும்னு” என்றாள்.

கிண்ணத்தில் கரண்டியைப் போட்டு அவர் பக்கம் தள்ளினாள்.

“நான்தான் கேக்கல.”