மூன்றாவது சோப்பு

சன்னாசிக் கிழவர் யார் சொல்லையும் நம்பாதவர். மருதப்பனின் சலூனில் இருந்த மூன்று சவரச் சோப்புகளையும் தானே கன்னத்தில் தேய்த்துப் பார்த்தார். முதல் இரண்டும் ஒப்புக்கு நுரைத்தன. அலமாரியின் அடித்தட்டைத் துழாவி அவரே எடுத்த மூன்றாவது, தயிர்போலத் திரண்டு நின்றது.

“நல்ல சரக்கை எனக்குக் காட்டாம ஒளிச்சு வச்சிருக்கியேய்யா!”

மருதப்பன் ஓரடி பின்வாங்கினான். “பெரியவரே, அது பொணத்துக்குச் செரைக்கிற சோப்பு. உசுரோட இருக்கிறவங்க மொகத்துல நுரைக்கவே நுரைக்காது.”

“யாருகிட்ட கதை விடுற? சோலியப் பாரு.”

எப்போதும் வெந்நீரில் முக்கும் கத்தியை மருதப்பன் பச்சைத் தண்ணீரில் முக்கினான். மழித்து முடித்ததும் பெஞ்சில் காத்திருந்தவர்களைப் பார்த்து, “இவரோட சொந்தக்காரங்க யாராச்சும் வந்திருக்கீங்களா?” என்றான்.

“நான் இங்கதானய்யா இருக்கேன்!” என்று கிழவர் கத்தினார்.

பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து, செருப்பைக் கழற்றினார்கள்.