தீவுக்குப் போன நஸீரா

1957-ஆம் வருடம். கீழக்கரைப் பள்ளிப் பிள்ளைகள் கடல் உயிர்களைப் பற்றிப் படிக்கப் பக்கத்துத் தீவுக்குப் போய் வந்த மறுநாள், வாவு முகம்மது ஆவேசமாக வகுப்புக்குள் நுழைந்தார்.

"நேத்து தீவுல என் மக நஸீராவை என்ன பண்ணுனீக? வந்ததுல இருந்து அழுகுறா!"

பிள்ளைகளைக் கூட்டிப் போயிருந்த கில்பர்ட் வாத்தியார் நாற்காலியை விட்டு எழுந்தார். இதற்குப் பயந்துதான் அவர் அவ்வளவு கவனமாக இருந்தார்.

"பாய், சத்தியமாச் சொல்றேன். பையன்க மட்டும்தான் தண்ணிக்குள்ள நடந்துபோய்ப் பவளப்பாறை பாத்தாக. பொம்பளப் பிள்ளைகளைக் கரையில இருந்த ஓலைக் கொட்டகைக்குள்ளயே உக்கார வச்சிருந்தேன். வெளிய தலைகாட்ட விடல."

"அதத்தான்யா கேக்குறேன்!" மேசையில் ஓங்கி அறைந்தார் வாவு முகம்மது. "வயசுக்கு வந்த பிள்ளைய எதுக்கு அனுப்புறேன்னு தெருவே திட்டுச்சு. அம்புட்டு பேரையும் எதிர்த்து அனுப்புனேன். கடல்குதிரை எப்படிம்மா இருந்துச்சுன்னு கேட்டா, கூரையத்தான் பாத்தேன் வாப்பாங்குறா!"

"உங்களுக்குப் பிடிக்காதேன்னு நெனச்சு..."

"எங்கிட்டக் கேட்டீகளா? சனிக்கிழமை என் வள்ளத்தை அனுப்புறேன். பொம்பளப் பிள்ளைகளை மட்டும் கூட்டிட்டுப் போங்க. எந்தப் பிள்ளையாவது பாவாடை நனையாமத் திரும்பி வந்துச்சு, உங்களைச் சும்மா விட மாட்டேன்!"