உள்ளே போகச் சொல்லாதவர்கள்

பூட்டைத் திறந்த லெட்சுமி கதவைத் தள்ளிவிட்டு, மற்றவர்கள் போகட்டும் என்று ஓரமாக ஒதுங்கி நின்றுகொண்டாள்.

மற்றவர்களோ அவள் போகட்டும் என்று நின்றார்கள்.

கதவு மட்டும் ஆவென்று திறந்து கிடந்தது.

தலவாக்கலைக்கு மேலே, தேயிலைத் தோட்டம் கைவிட்ட பழைய லயம் அது. வரிசையாக ஆறு காம்பராக்கள், ஒற்றை அறை வீடுகள். ஐந்தில் ஆள் இருக்கிறது. ஆறாவதற்குக் கூரைத் தகரம் மாற்றி, சுண்ணாம்பு அடித்து வைத்தாயிற்று. இன்று பால் பொங்க வைத்து லெட்சுமியைக் குடியமர்த்த வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்பது வருடமாக ஹட்டன் பஸ் நிலையத்தில் படுத்தவள் லெட்சுமி. கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பியபோது புருஷன் செத்திருந்தான். தோட்டத்தில் பேர் பதிந்த ஆள் இல்லை என்று காம்பராவும் வேறொரு குடும்பத்துக்குப் போயிருந்தது. அன்றிலிருந்து கதவு என்றால் அவளுக்கு வெளிப்பக்கம்தான். யார் வீட்டுத் தேத்தண்ணி ஆனாலும் வாசலுக்கே வரும். கதவு திறந்தால் வழிவிட்டு ஒதுங்க வேண்டும்.

பக்கத்துக் காம்பராப் பரிமளம் கீழே பஸ் ரோட்டை எட்டிப் பார்த்தாள்.

பதினான்கு ஞாயிற்றுக்கிழமைகள் பஸ் நிலையத்துக்குப் போய், லெட்சுமியின் அருகில் உட்கார்ந்து, வெற்றிலை போட்டு, ஊர்வம்பு பேசி இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கிறாள். இதற்கு முன் இரண்டு தடவை லெட்சுமி இங்கே வந்தாள். இதே வாசலில் நின்றாள். பதினொரு மணி பஸ்ஸில் திரும்பிப் போய்விட்டாள். இன்றும் போனால் இனி வரமாட்டாள் என்று பரிமளத்துக்கு நன்றாகத் தெரியும்.

தூறல் போட்டது. மற்றக் காம்பராக்காரர்களும் நகரவில்லை.

நிரோஷன் குடையைப் பால் சட்டிக்குப் பிடித்துவிட்டுத் தான் நனைந்தான். ஜீவராணி குத்துவிளக்கை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். முத்துலிங்கம் ஒரு கையில் தேங்காயும் இரண்டு முழங்காலுக்கு நடுவில் நாயுமாக நின்றார். நாய்க்கு என்ன தெரியும்? இரண்டு தடவை உள்ளே பாயப் பார்த்தது. அது முதலில் குடிபுகுந்துவிட்டால் மானம் போய்விடும்.

பூசாரி தங்கவேலு போனை எடுத்து மணி பார்த்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர். இந்த லயத்துக்கு இன்றுதான் முதல்முறையாக வந்திருக்கிறார்.

"நல்ல நேரம் பத்தே முக்காலோட முடியுது. அந்தம்மாவ உள்ள போகச் சொல்லுங்கப்பா யாராச்சும்."

"வாயத் தொறந்தீங்கன்னா பொங்கல் கெடையாது, சாமி" என்று பரிமளம் பல்லைக் கடித்தாள்.

உள்ளே போ என்று யாரும் சொல்லக் கூடாது. அது அந்த லயத்துச் சட்டம். சொன்னால் லெட்சுமி போவாள். சொன்னதைச் செய்தே பழகிப்போனவள். பிறகு நாளைக்கே எவனாவது வந்து வெளியே போ என்றாலும் போய்விடுவாள்.

பத்து நிமிடம். இருபது நிமிடம். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. போ என்ற சொல் பரிமளத்துக்கு நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிக்கொண்டாள்.

அப்போதுதான் முதல் காம்பரா இராமையா இருமினார். எழுபது வயது, குளிர் ஆகாத நெஞ்சு. சத்தியமாக நடிப்பில்லை. இருமல் அவரைக் குனிய வைத்தது.

லெட்சுமி திரும்பிப் பார்த்தாள். நனைந்து நிற்கும் ஒவ்வொருவரையும் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னாத்துக்கு எல்லாம் இப்பிடி நனைஞ்சுகிட்டு நிக்கிறீங்க? வாங்க, உள்ள வாங்க!"

சொல்லிக்கொண்டே இராமையாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, எல்லாருக்கும் முன்னால் உள்ளே போனாள்.

இடது காலை வைத்துத்தான் போனாள். பூசாரி தலையில் கை வைத்துக்கொண்டார். வேறு யாரும் கண்டுகொள்ளவில்லை. நாயை விட்டுவிட்டு முத்துலிங்கம் வாசலில் தேங்காயைப் போட்டு உடைத்த சத்தத்தில் பக்கத்து மலையில் கொழுந்து பறித்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

பரிமளம் அழுதாளா சிரித்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

பால் பொங்கி வழிந்தது. லெட்சுமி அதற்குள் அதிகாரம் பண்ணத் தொடங்கிவிட்டாள். அடுப்பு இருக்கிற மூலை சரியில்லை, புகை முகத்தில் அடிக்கும், நாளைக்கே மாற்ற வேண்டும் என்றாள். கீழே ரோட்டில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவள் ஏலக்காய் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தாள்.

பொங்கலை இறக்கிய பிறகும் பூசாரிக்கு மனம் ஆறவில்லை.

"முப்பத்தஞ்சு நிமிஷம், தாயி! ஒருத்தரு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஒருத்தரும் நனைஞ்சிருக்க வேண்டியதில்லயே?"

பரிமளம் தட்டை அவரிடம் நீட்டினாள்.

"எனக்கு அம்பது நிமிஷம் நின்னாங்க, சாமி. நானும் நாவலப்பிட்டி ஸ்டேஷன்ல படுத்துக் கெடந்தவதான்."

பூசாரி தட்டை வாங்கிக்கொண்டு மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

தனக்கு இருபதுதான் என்றாள் ஜீவராணி, கொஞ்சம் பெருமையாக. நிரோஷன் நாற்பது என்றான். முத்துலிங்கத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல்; அன்று பால் திரிந்தே போய்விட்டதாம். எல்லாரும் சிரித்தார்கள்.

இராமையா கடைசியாகத்தான் வாயைத் திறந்தார்.

"எனக்கு ரெண்டு நாளு. நாந்தானே மொத ஆளு, அப்ப எங்கூட நிக்கிறதுக்கு யாரும் இல்ல."

லெட்சுமி அவர் தட்டில் இன்னொரு கரண்டி பொங்கல் வைத்தாள்.