தெருவில் இறங்கலாமா?

வாலிபத்தில் ராஜாவின் மாளிகைக்குக் குண்டு வைத்துவிட்டுத் தம்பி வீட்டுப் பரணில் ஏறியவர், கிழவராகியும் இறங்கவில்லை. சாப்பாடும் நாட்டு நடப்பும் தம்பி கையால்தான் மேலே வந்தன.

“ராஜா ஊரைவிட்டு ஓடிட்டாருண்ணே.”

“அப்ப நான் இறங்கலாமா?”

“ராஜாதான் போனாரு. போலீஸ் அதே போலீஸ்தான்.”

கொடி மாறியது. யுத்தம் ஒன்று வந்து போயிற்று.

“மனுஷன் நிலாவுல இறங்கிட்டாண்ணே.”

“நான் தெருவுல இறங்கலாமா?”

“பொறுங்கண்ணே. இன்னும் உங்களைத் தேடுறாங்க.”

நேற்று கீழே அழுகுரல் கேட்டது. தம்பி போய்விட்டான். இனி சோறு கொண்டுவர ஆளில்லை. ஜெயிலிலாவது போடுவார்கள் என்று, சாவு வீட்டுக் கூட்டத்தோடு கூட்டமாக வெளியேறி, போலீஸ் ஸ்டேஷனில் பெயரைச் சொல்லிச் சரணடைந்தார்.

ஏட்டு முகம் சுளித்தார். “பெரியவரே, தியாகி பேருல விளையாடாதீங்க. அதோ பாருங்க.”

ஜன்னலுக்கு வெளியே நாற்சந்தியில், மீசை அரும்பிய முகத்தோடு அவரே வெண்கலத்தில் நின்றிருந்தார்.

“அந்தக் குண்டுலயே அவரும் போயிட்டாரு. பிணத்தை அடையாளம் காட்டினதே அவரு தம்பிதான், நேத்து தவறின நம்ம மந்திரி. தியாகியோட தம்பின்னு சொல்லித்தான் ஒவ்வொரு தேர்தல்லயும் ஜெயிச்சாரு. வருஷா வருஷம் அந்தச் சிலை காலைப் பிடிச்சுக்கிட்டு அழுவாரு, பாவம்.”

ஏட்டு பெருமூச்சு விட்டார்.

“அப்படி ஒரு தம்பி கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்.”